எங்கிருந்து எடுத்தே?

இதை எங்கிருந்து எடுத்தே என்று ரங்கராஜ் கேட்டது நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு. இப்போது மணி பத்தேகால். நடுவில் சாப்பாடு, தூக்கம், குளியல், பஸ் எல்லாம் வந்து போய்விட்டன, அந்தக் கேள்வி மட்டும் சிந்துஜாவின் காதுக்குள் விருந்தாளி மாதிரி கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு கிளம்புகிற வழியாகவே காணோம். கேட்டவிதம் அப்படி. சண்டைக்காரர் மாதிரி கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்புகிற போக்கில் அவளுடைய கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்த்தவர், ஒரு விரலைத் திரைக்கு நேரே நீட்டி, சத்தமே ஏறாமல் கேட்டார். பதினாறு வருஷமாக அந்தக் கடையில் டிசைன் போடுகிற மனுஷன். விரல் எதைக் காட்டியது என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கிற நிதானம் எங்கே இருந்தது? பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரி எட்டிப் பார்த்தால் கை தானாகப் பேப்பரை மூடுமே, அந்த மாதிரி படக்கென்று படத்தைச் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டாள். “ஏனுங்ணா, நானே போட்டிருக்கக் கூடாதா?” என்றும் கேட்டுவிட்டாள். குரல் அவளுக்கே கொஞ்சம் கூர்மையாகத்தான் பட்டது. ரங்கராஜ் அவளைப் பார்த்தார், வெறுமையாகிப்போன திரையைப் பார்த்தார். “போட்டிருக்கலாம் அம்மிணி. ஊருக்குப் போறப்ப ரோட்டோரச் செவுத்தையெல்லாம் பாத்துட்டே போ” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். செவுத்தைப் பார்ப்பதாம். என்ன அர்த்தம்? உன் டிசைன் செவுத்தில் ஒட்டுகிற லாயக்குத்தான் என்றா? இல்லை, நீ திருடின படம் ஊர் பூராவும் ஒட்டியிருக்கிறது, போய்ப் பார் என்றா?

பின்னறையில் பிளக்ஸ் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. கிர்ர், டக். கிர்ர், டக். மை பீச்சுகிற தலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, ஒரு விரற்கடை அகலத்துக்கு நிறத்தைத் தூவிவிட்டுத் திரும்பி ஓடுகிறது. பத்தடி பேனர். சுருளில் படுக்கை வாக்கில்தான் அடிக்கும். வலது கோடி முதலில் வரும், இடது கோடி கடைசியில் வரும், எழுத்தெல்லாம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வரும். மெஷின்காரர் சென்னியப்பன் தாராபுரம் பக்கத்து ஆள், உடுமலைக்கு வேலைக்கு வந்து ஆறு மாசந்தான் ஆகிறது. ஸ்டூலில் உட்கார்ந்து துணியால் விரலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். “கிட்ட நில்லுங்க, ஆனா கை வெச்சுராதீங்க அம்மிணி, சூடு போடற பட்டை ரெண்டு நாளா வேலை செய்யல. ஈரம், ஒட்டிக்கும்” என்று அவர் சொன்னதும் சந்தேகமாகத்தான் இருந்தது. எதற்குக் கிட்டே நிற்கச் சொல்கிறார்? மற்ற பேனருக்கெல்லாம் டிசைன் போட்டவர்களை இங்கே நிற்கச் சொல்வதில்லையே. முதலாளி தண்டபாணி சொல்லிவைத்திருப்பாரோ? நிற்கட்டும், மூஞ்சியைப் பார்க்கலாம் என்று. முதலாளி மூன்று மாசத்துக்கு முன்னால் அவளைச் சேர்த்துக்கொண்டபோது சொன்னது ஒன்றுதான்: மூணு மாசம் கத்துக்க, அதுக்கப்புறம் முழுசா ஒண்ணு நீயே போடு, அது தேறுச்சுன்னா அந்த நாற்காலி உன்னுது, தேறலைன்னா சங்கடப்படாம வேற எடம் பாத்துக்க. அந்த ஒண்ணுதான் இது. நாச்சிமுத்து பாத்திரக் கடை, பழைய கடைவீதியிலிருந்து பொள்ளாச்சி ரோட்டுப் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. கடையை ஆரம்பித்த நாச்சிமுத்து ஐயா பதினோரு மணிக்குத் தானே வந்து பேனரைப் பார்த்து வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார். போன மாசந்தான் கோயமுத்தூரில் நெஞ்சைத் திறந்து மூடியிருக்கிறார்கள். வெளியே கிளம்புகிற முதல் காரியமே இதுதான் என்று அவர் மகன் போனில் சொன்னான். அந்த மகனுக்குத்தான் நேற்று மத்தியானம் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியது. முதலாளி மெஷின் சாமான் வாங்க வெளியூர் போயிருந்தார். மகன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பினான். அவ்வளவுதான் உத்தரவு. அவன் பெரிசு பண்ணிப் பார்த்தானா, பார்க்கவே இல்லையா, யார் கண்டது?

கிர்ர், டக். நீலம் வந்தது. அந்த நீலம் அவளுடையதல்ல. எங்கேயோ கடலோரத்து ஊர் ஒன்றில் யாரோ வீட்டுக் கதவுக்கு அடித்திருந்த நீலம், போனில் ஒருநாள் வந்தது, பார்த்ததும் தொண்டைக்குள் குளிர்ந்தது, எடுத்து வைத்துக்கொண்டாள். போனில் ‘பிடிச்சது’ என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறாள், ஆயிரத்து நானூறு படம் இருக்கும். அது போதாதென்று ஒரு தடித்த நோட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வருகிற இணைப்பில் நறுக்கினது, தீப்பெட்டி மேல்தாள், ஊதுபத்திக் கூடு, ஜவுளிக்கடைப் பையின் ஓரம், மாமன் மகள் கல்யாணத்து லட்டு டப்பாவின் மூடி. அந்த மூடியில் ஓடின தாமரைக்கொடிதான் இப்போது பேனரின் ஓரத்தில் ஓடுகிறது. அப்படியே ஓடவில்லை, இலையை மாற்றினாள், மொட்டைத் திருப்பினாள், ஆனால் கொடி கொடிதானே, பெற்றவன் பார்த்தால் அடையாளம் தெரியாமலா போகும்? ‘பாத்திரக் கடை’ என்ற எழுத்தின் கொண்டை ஊதுபத்திக் கூட்டிலிருந்து வந்தது. ஐயாவின் படத்தைச் சுற்றின வட்டம் எந்த தேசமோ தெரியாத காப்பிக் கடைப் பலகையிலிருந்து வந்தது. எடுக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருந்தது. பசியோடு சந்தைக்குள் போனவள் மாதிரி, எதைப் பார்த்தாலும் மடியில் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்த டீச்சர்கூட, கண்ணைத் தொறந்துட்டு இருங்க, எதுல வேணாலும் கத்துக்கலாம் என்றுதான் சொன்னார். கண்ணைத் திறந்துகொண்டு இருப்பதற்கும் கையை நீட்டுவதற்கும் நடுவில் கோடு எங்கே என்று அவர் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. கேட்டால், அப்படி என்னத்தை எடுத்தே என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

இந்தப் போனைத்தான் முதலில் நம்பக்கூடாது. ஒரு தாமரையை ஒருநாள் கொஞ்சம் கூட நேரம் பார்த்துவிட்டால் போதும், மறுநாள் காலையில் நூறு தாமரையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அவளுக்குக் கொட்டுவது மற்றவர்களுக்கும் கொட்டாதா? இதே உடுமலையில் இன்னொருத்தி இதே நீலத்தை எடுத்து வைத்திருப்பாள். நாளைக்குப் பேனர் ஏறினதும் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்து, அட, இது அதுவல்லவா என்பாள். ரங்கராஜுக்கும் போன் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரும் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி ஏதோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பார்த்திருப்பார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் இப்போது முதலாளியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலாளி தலையை ஆட்டுகிறார். சத்தம் இந்தப் பக்கம் வராது, மெஷின் சத்தம் எல்லாவற்றையும் தின்றுவிடும், வாய் அசைவதுதான் தெரியும். ‘எடுத்த’ என்று சொன்னாரா? ‘எடுத்துட்டு வா’ என்றாரா? முதலாளி இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையில் வந்ததும் அவள் வணக்கம் சொன்னதற்குக்கூட உம் என்று ஒரு அரை உம்தான். மற்ற நாளில் முழு உம் உண்டா என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. இத்தனை நாளாக யாருடைய உம்மையும் அவள் அளந்து பார்த்ததில்லை. சந்தேகம் வந்துவிட்டால் மனுஷிக்குக் காது நீண்டுபோகிறது. கேட்டால் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணி நாக்குக்கடியில் வைத்திருந்தாள். அது நானே போட்டதுங்க. அது நானே போட்டதுங்க. பஸ்ஸில் வரும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். ஏழாவது தடவைக்கு மேல் அது அவளுக்கே பொய் மாதிரி கேட்டது.

நேற்று ஊருக்குப் போகிற பஸ்ஸில் செவுத்தையும் பார்க்காமல் இல்லை. பார்க்கக்கூடாது என்று வீம்பாகத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பத்து நிமிஷத்தில் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. பொட்டிக்கடைச் செவுத்தில் சிமெண்ட் விளம்பரம். ரேஷன் கடைச் செவுத்தில் காதணி விழா. பாலத்துச் செவுத்தில் மூலத்துக்கு வைத்தியம், அதன் மேலேயே ஒரு கட்சிக்கூட்டம். எதிலும் தாமரைக்கொடி இல்லை, நீலம் இல்லை, வட்டம்கூட ஒன்றே ஒன்றுதான், அது டயர் கடையில் டயர். பின்னே எதைப் பார்க்கச் சொன்னார்? அவளுடைய ஊர் நிறுத்தத்தில் பால் சொசைட்டிச் செவுரு வந்தபோது மட்டும் அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிபண்ணினாள். அது வழக்கம். நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா போனபோது நூல் மில்லில் கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அந்தச் செவுத்தில்தான் ஒட்டினார்கள். நாலு நாள் முழுசாக இருந்தது. ஐந்தாம் நாள் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன் என்று யாரோ வந்து வலப்பக்கத்துப் பாதியின் மேல் பச்சையாக ஒன்றை ஒட்டிவிட்டுப் போய்விட்டான். அப்பாவின் முகமும் இடப்பக்கமும் தப்பித்தன. அம்மா அந்த வழியே போவதையே விட்டுவிட்டாள். சிந்துஜாதான் கல்லூரி பஸ்ஸுக்குத் தினமும் அங்கே நின்றாள். மழை வந்து நைந்து உரிகிற வரைக்கும், எட்டு மாசமோ ஒன்பது மாசமோ, பாதி அப்பாவோடு நின்றாள். முதன்முதலில் எழுத்தை எழுத்தாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறாள். பஸ் வராத நேரத்தில் என்னதான் செய்வது? இந்த எழுத்துக்கு இடுப்பு ஏன் இவ்வளவு தடிப்பு, இந்தப் புள்ளி ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறது, பெயரை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றியிருந்தால் அப்பாவுக்கு மூச்சுவிட இடம் இருந்திருக்குமே. ச்சே, இப்போது எதற்கு அது. பேனரைப் பார்.

பேனரில் பெயர் முழுசாக வந்துவிட்டது. தலையைச் சாய்த்துப் படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருப்பதுதான் பயமாக இருந்தது, ஏனென்றால் நன்றாக இருக்கிற ஒவ்வொன்றுக்கும் இன்னொரு வீட்டு விலாசம் இருக்கிறது. ஒன்றே ஒன்றைத் தவிர. அதை நினைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒரே ஒரு வார்த்தை. அது எந்த டப்பா மூடியிலும் இல்லை, எந்தப் போனும் கொண்டுவந்து கொட்டவில்லை. கடை எந்த வருஷம் ஆரம்பித்தது என்பதைப் போட வேண்டும் என்று அந்த மகன் சொல்லியிருந்தான். எல்லோரும் போடுவது மாதிரி ‘முதல்’ என்று போட அவளுக்கு மனசில்லை. ஊரில் இருக்கிற மளிகை, சைக்கிள் கடை, சலூன் எல்லாவற்றிலும் இந்த வருஷம் முதல், அந்த வருஷம் முதல். ‘நிறுவப்பட்டது’ என்று போட்டால் அரசாங்க ஆபீஸ் மாதிரி விறைப்பு, வட்டத்துக்குப் பக்கத்தில் இடமும் பற்றாது. வருஷத்தை மட்டும் அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அந்த வார்த்தை தானாக வந்து விரலில் இறங்கியது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யோசிக்காமல், கூப்பிடாமலே சொந்த வீட்டுக்கு வருகிற மாதிரி. அடக்கமான வார்த்தை, நாலே எழுத்து, கேட்டால் மரியாதையாக இருக்கிறது. ஐயாவின் முகத்துக்கு இடப்பக்கம் அதை வைத்தாள். வலப்பக்கம் காலியாக நின்றது, சமமாக்க ஒரு குத்துவிளக்கை வைத்தாள். பாத்திரக் கடைதானே, குத்துவிளக்கு விற்கிறார்கள். அந்த இடத்தைப் பார்க்கும்போது மட்டும், இது என்னுது என்று நெஞ்சு சொன்னது. யாராவது வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனாலும் அந்த ஒரு வார்த்தை மிஞ்சும்.

கிர்ர், டக். விளக்கு வந்தது. வட்டத்தின் வலது வளைவு வந்தது, ஐயாவின் ஒரு காது வந்தது, கண் வந்தது, மூக்கு வந்தது, எழுபத்தைந்து வயசு முகம் ஒருக்களித்துப் படுத்தவாக்கில் மெதுவாக வெளியே வந்தது. மணி பத்து ஐம்பது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ரங்கராஜ் இல்லை. எங்கே போனார்? வட்டம் மூடியது. வார்த்தை வந்தது, அதன் கீழே வருஷம் வந்தது. சென்னியப்பன் ஸ்டூலை விட்டு எழுந்து, தலையைத் தோளில் சாய்த்து, பத்து வயசுப் பிள்ளை எழுத்துக்கூட்டுகிற மாதிரி வாயை அசைத்துப் படித்தார். காலையிலிருந்து அவர் அடித்த மூன்றாவது பேனர் இது; முதல் இரண்டும் துக்கம். அவர் நெற்றியைச் சுருக்கியதைப் பார்த்ததும் இவள் நாக்குக்கடியிலிருந்து வாக்கியத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். அது நானே போட்டதுங்க. ஆனால் அவர் கேட்டது அதையல்ல.

“ஏனம்மிணி, தோற்றம் போட்டிருக்குது, மறைவு விட்டுப்போச்சாட்ட இருக்குதே. பெரியவரு எப்பத் தவறுனாருங்?”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. யார் தவறினார்? தலையைச் சாய்த்துப் பார்த்தாள். தோற்றம் 1974. முகம். முகத்துக்குப் பக்கத்தில் விளக்கு. புரிந்தபோது மெஷின் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது, நிற்கவில்லை, கிர்ர் என்று ஓடிக்கொண்டுதான் இருந்தது, சிவப்புப் பொத்தானை அவள் குத்தின பிறகுதான் நின்றது. தோற்றம் என்று ஒரு பக்கம், மறைவு என்று ஒரு பக்கம், நடுவில் முகம். பிறந்த தேதியும் இறந்த தேதியும். தமிழ்நாட்டில் எந்தச் செவுத்தைப் பார்த்தாலும் அதுதானே. செவுத்தையெல்லாம் பாத்துட்டே போ. அய்யோ, அவர் அதைத்தான் காட்டினார், அந்த விரல் கொடியைக் காட்டவில்லை, நீலத்தைக் காட்டவில்லை, எந்த வீட்டு விலாசத்தையும் கேட்கவில்லை. நெஞ்சைத் திறந்து மூடிக்கொண்டு வந்த மனுஷனுக்குப் பத்தடியில் பாதி அஞ்சலி அடித்து, மீதிப் பாதிக்கு இடம் விட்டு, விளக்கும் ஏற்றி வைத்திருக்கிறாள். அந்தப் பகுதியில் அவள் யாரிடமும் எடுக்கவில்லையாம். எடுக்கவில்லையா? 1974. வருஷத்தை அடித்துவிட்டுக் கண்ணை மூடினாளே, மூடின கண்ணுக்குள் இருந்தது என்ன? பால் சொசைட்டிச் செவுரு. அப்பாவின் முகம். முகத்துக்கு இடப்பக்கம் தோற்றம், ஐந்து ஆறு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு. வலப்பக்கம் பச்சையாக ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். எட்டு மாசம் அவள் பார்த்த பாதியில் மறைவு இல்லவே இல்லை. அவளுக்கு அந்த வார்த்தை சாவு வார்த்தையாக இருந்ததே இல்லை. அப்பா ஆரம்பித்த வருஷம், அவ்வளவுதான்.

வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. முதலாளி, வாங்கய்யா, மெதுவா வாங்க என்று கூப்பிடுவதும், ஒரு கைத்தடி சிமெண்ட் தரையில் ஊன்றி ஊன்றி இந்தப் பக்கமே வருவதும் கேட்டது. சுருட்டிவிடலாமா? ஈரம், சுருட்டினால் முகமும் எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிழித்துவிடலாமா? கதவு திறந்தது. யோசிக்க நேரமில்லாமல் அவள் வார்த்தைக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றாள். அதை மறைக்க இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். துப்பட்டா வழியே மையின் ஈரம் தோளில் சில்லென்று பட்டது. நாச்சிமுத்து ஐயா உள்ளே வந்தார். சட்டைக்குள் பழைய உடம்பு பாதிதான் இருந்தது. பின்னாலேயே முதலாளி, அதற்கும் பின்னால் கையில் டீயோடு ரங்கராஜ். ஐயா கொடியைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், எழுத்து லட்சணமா இருக்குது என்றார், தன் முகத்தைத் தலை சாய்த்துப் பார்த்துச் சிரித்தார். “கொஞ்சம் நகந்துக்க கண்ணு” என்றார். அவள் நகரவில்லை. முதலாளி, ஏம்மா நவுரு என்றார். ரங்கராஜ் அவளைப் பார்க்காமல் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத்தான் அவள் நேற்றிலிருந்து குற்றப்பத்திரிகையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

நகர்ந்தாள். ஐயா படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். முதலாளியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கைத்தடி ஒரு அடி முன்னால் வந்து, விளக்கு இருந்த பக்கம் காற்றில் நீண்டது.

“இக்கட்ட ஒண்ணு இருக்கோணுமே. யாரு போட்டது இது?”

அது நானே போட்டதுங்க என்று பத்துத் தடவை பழகின வாக்கியம் வாயில் இருந்தது. எதையோ மறைக்க வைத்திருந்தது, இப்போது மறைக்க ஒன்றுமில்லாமல் வெளியே வந்தது. “அது நானே போட்டதுங்கய்யா. தப்புங்க. மத்ததெல்லாம்கூட அங்கங்க பாத்து எடுத்ததுங்க, அது மட்டும் நானே போட்டதுங்க.” ஐயாவின் மூச்சு சட்டைக்குள் ஏறி இறங்கியது. சிரிக்கப்போகிறாரா, மயங்கப்போகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலாளியின் கை அவருக்குப் பின்னால் தாங்குகிறதுக்குத் தயாராக நின்றது.

“நான் படுத்துட்டிருந்தப்ப எம் மகன் இதத்தான் அடிக்கச் சொல்லீருப்பான்னு நெனச்சிருந்தேன். அதுக்கு நீ பாதிதான் போட்டிருக்கறே” என்றார் ஐயா. குரலில் சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. “முதல்னு போடு. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுவத்து நாலு முதல். யாவாரிக்கு முதல்தான கண்ணு வேணும்? வெளக்கையும் எடுத்துட்டு அந்தப் பக்கம் ஒரு நல்ல குண்டாவா வெய்யி.” சாயங்காலம் ஆள் அனுப்புகிறேன் என்று திரும்பி நடந்தார். கைத்தடிச் சத்தம் வாசல்வரைக்கும் போயிற்று, கார் கதவு சாத்தியது. முதலாளி உடனே திரும்பவில்லை. கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இவளைப் பார்க்காமல் சென்னியப்பனிடம் சொல்வது மாதிரி சொன்னார்: இனி இந்த மாசம் பூரா வர்ற கண்ணீர் அஞ்சலி அத்தனையும் இந்தப் புள்ளயே போடட்டும். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது தண்டனையா, நாற்காலியா என்று அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாசம் பூரா என்றால் மாசம் பூராவும் வரவேண்டுமல்லவா? அதற்கப்புறம்? உம் என்றாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ரங்கராஜ் டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். அவளுடைய தோளைக் காட்டினார். துப்பட்டாவை முன்னால் இழுத்துப் பார்த்தாள். கறுப்பு மையில், இடம் வலமாகத் திரும்பி, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, நாலு எழுத்தும் நாலு எண்ணும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் அதைத் தலைகீழாகவும் திருப்பியும் படித்துப் பார்த்தார். நேற்று மாதிரியே, சத்தமே ஏறாமல் கேட்டார்.

“எங்கிருந்து எடுத்தே?”

“எங்கப்பா போஸ்டர்லிருந்துங்ணா” என்றாள்.